பானைப் பொழுது

தவளைதான் முதலில் கத்தியது. முந்தின நாள் அந்தி தொட்டு ஊரையே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த காற்றில், ஓடு பிய்கிற சத்தமும் தகரம் பறக்கிற சத்தமும் சவுக்குகள் இடுப்பொடிகிற சத்தமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஈரப் போர்வைக்குள் குத்துக்காலிட்டுக் கிடந்த நொச்சிக்குடா சனங்களுக்கு, அந்த ஒற்றைத் தவளையின் குரல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே தெரிந்துபோயிற்று, காற்று நின்றுவிட்டதென்று. நின்றதே தவிர முடியவில்லை என்பதும் தெரியும். வடக்கேயிருந்து அடித்த காற்று இப்படி நின்றால், கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, தெற்கே கடல் பக்கமிருந்து மறுகாற்று கிளம்பும், முன்னதைவிட மூர்க்கமாகக் கிளம்பும், வரும்போது கடலையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்.

இரண்டு காற்றுக்கும் நடுவே வருகிற அந்தச் சும்மா நேரத்துக்கு அந்த ஊரில் பானைப் பொழுது என்று பேர். அறுபது எழுபது வருசத்துக்கு முன்னால் அடித்த பெரும்புயலில், காற்று நின்றதும் எவளோ ஒருத்தி பசித்த பிள்ளைகளுக்கு உலை வைத்தாளாம், சோறு கொதித்து அடங்கிய பிறகுதான் மறுகாற்று வந்ததாம். அன்றிலிருந்து அது ஊருக்குச் சட்டமாகிவிட்டது. காற்று நின்றதும் ஆம்பளைகள் உப்பளத்துக்கு ஓடிக் கீற்று பறந்த அம்பாரங்களை மூடிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருசம் முழுக்க வாரிக் குவித்த உப்பு ஒரே மழையில் கரைந்து ஓடிவிடும். பொம்பளைகள் அடுப்பில் பானையை ஏற்றிக் கையில் தட்டோடு உட்கார வேண்டும். எந்த வீட்டுப் பானை முதலில் கொதிக்கிறதோ அந்த வீட்டுக்காரி தட்டைத் தட்டுவாள். தட்டுச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி திரும்பி ஓடி வந்துவிட வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் பானைப் பொழுதைக் காஸில் அளக்கக் கூடாது, அது சட்டென்று கொதித்துவிடும், கணக்குத் தப்பிவிடும், மண்பானையை விறகடுப்பில் ஏற்றினால்தான் சரியான கணக்கு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பெரும்புயல் காலத்தில் பரணில் காய்ந்த விறகு அடுக்கியிருந்தது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது எவள் வீட்டில் விறகு இருக்கிறது? ராத்திரி முழுக்க மழையில் ஊறி முறிந்து விழுந்த சவுக்குக் கிளைகளை ஒடித்து அடுப்பில் செருகி, கண்ணெல்லாம் புகை அப்ப, ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அளத்தின் கீழ்க்கரையில் அம்பாரம் போட்டிருந்த பதினோரு பேர் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கிளம்பினார்கள். அதில் ஒருவன் வைரக்கண்ணு. ஊரின் தெற்குக் கடைசி வீடு அவனுடையது, அதற்கு அப்பால் சப்பாத்திக்கள்ளி, அதற்கு அப்பால் அளம், அதற்கு அப்பால் கடல். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வாசலில் நின்று சொன்னான்:

"கொதிக்கறதுக்குள்ள வந்துடுறேன் தையலு. தட்டைக் கையிலயே வெச்சிக்க."

தையல்நாயகிக்கு அவனைத் தெரியாதா. இருபத்தாறு வருசம் அவனுக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்துக் கிடந்தவள். "நீங்க வர்றதுக்குள்ள வெந்து குழைஞ்சிப்போயிடும்," என்றாள். "அம்பாரத்தைப் பார்த்துட்டா பொண்டாட்டி நெனப்பு எங்க வரப் போவுது உங்களுக்கு."

"அது வாயைத் தொறந்து சண்டை போடாதுல்ல," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அவளிடம் காட்டாமல் திரும்பிக்கொண்டு போனான்.

அவள் இரண்டு பேருக்கு அரிசி களைந்து போட்டாள். விறகு அழுதது. பானையின் அடியில் முத்து முத்தாகக் குமிழி கட்டி, கொதிப்பதற்கு இன்னும் கொஞ்சம்தான் என்கிற நேரத்தில், தெற்கேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ பெரிய பாய் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரியான சத்தம். கடைசி வீடு என்பதால் ஊரிலேயே அவளுக்குத்தான் அது முதலில் கேட்டது. பானை கொதிக்கவில்லை, மறுகாற்று வருகிறது. ஒரு கையில் தட்டு இருந்தது, இன்னொரு கையில் கரண்டி. தட்டியிருக்கலாம். ஆனால் கொதிக்காத பானைக்குத் தட்டுவது என்பது அந்த ஊரில் ஒருத்தியும் செய்யாத காரியம், அவள் கைக்கு அது தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது வேறு. பானை கொதித்தால்தானே பொழுது முடியும், கொதிக்காவிட்டால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறதல்லவா என்று, தட்டைக் கீழே போட்டுவிட்டு, அடுப்பிலிருந்த மூன்று விறகையும் பிடித்து ஒரு சாண் வெளியே இழுத்தாள்.

பாய் இழுபடுகிற சத்தம் அவள் வேலி வரைக்கும் வந்து நின்றது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போயிற்று. அளத்துக்கு ஆள் போன மற்ற பத்து வீடுகளிலும் பானை கொதிக்கும் முன்பே கூரை போயிற்று, அடுப்பு போயிற்று, பானையும் போயிற்று. எந்த வீட்டிலும் தட்டுச் சத்தம் எழவில்லை. கடல் கீழ்க்கரைக்கு ஏறி வந்து அம்பாரங்களையும் பதினோரு பேரையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போயிற்று. ஒரு உடம்புகூட ஒதுங்கவில்லை.

காற்று ஓய்ந்து ஊர் வெளியே வந்து பார்த்தபோது, தையல்நாயகியின் வீடும் வாசலும் அப்படியே இருந்தன. வாசலில் நின்ற முருங்கை ஒரு இலைகூட ஆடாமல் நின்றது. அடுப்புப் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பானையில் குமிழிகள் அடியில் ஒட்டியபடி ஏறாமல் இருந்தன. அங்கே இன்னும் பானைப் பொழுது முடியவில்லை. அவ்வளவுதான் விசயம், பார்த்த எல்லோருக்கும் சொல்லாமலே அது விளங்கிற்று. மறுகாற்றில் ஒரு பங்கு அவள் வேலிக்கு வெளியே, கட்டிப்போட்ட மாடு மாதிரி காத்துக் கிடக்கிறது என்பதும் விளங்கிற்று. தையல்நாயகி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னடி என்று கேட்டதற்கு, அவரு கொதிக்கறதுக்குள்ள வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனாரு, இன்னும் கொதிக்கல, அவரு இன்னும் லேட்டாவல என்று சொன்னாள். விறகை இழுத்ததை மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் சேதம் எழுத வந்த தாலுகா ஆபீஸ் உதவியாளர் ஒருவர், வெளியே படபடத்துக்கொண்டிருந்த தாள்கள் அவள் வாசலில் காலை வைத்ததும் படிந்து கிடப்பதைப் பார்த்தார், வசதியாகத் தொடையில் வைத்து எழுதினார். வீடு பாதிப்பில்லை என்று எழுதினார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். அளத்துக்குப் போயிருக்கிறார் என்றாள். அதையும் எழுதிக்கொண்டு போனார். ஆகவே நிவாரணத் தார்ப்பாய் அவளுக்குக் கிடையாது. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

கரண்ட் வர நாற்பது நாளாயிற்று. அதற்குள் ஊர் அந்த வாசலை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிவிட்டது. பால் பாக்கெட்டை அங்கே வைத்தால் திரியவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்தால் மறுநாளும் செவுள் சிவப்பாகவே இருந்தது. சார்ஜ் தீரப்போகிற செல்போன்களைக் கொண்டுவந்து முருங்கையடியில் வரிசையாக வைத்தார்கள், தீரவில்லை, ஆனால் யார் கூப்பிட்டும் அங்கே மணியடிக்கவும் இல்லை. யாரோ சூடம் ஏற்றினார்கள், அது கரையாமல் எரிந்தது, அதனால் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போடுகிற வழக்கம் வந்தது. லாரிக்கு முன்னால் தார்ப்பாய்க்கும் பிஸ்கட்டுக்கும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட வேலியைத் தாண்டி வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பசியோடு வந்து உட்கார்ந்தால் பசி தீரவில்லை, வளரவும் இல்லை. அந்த நாட்களில் அதுவே பெரிய காரியமாக இருந்தது.

முதலில் வந்து உட்கார்ந்தவள் ராசாம்பாள். அவளுடைய ஒரே மகன் சுகுமாரன் பதினோரு பேரில் ஒருவன். புருசனை இழந்தவள், அண்ணனைத் தொலைத்தவள், அப்பனைத் தேடிக் கரையெல்லாம் நடந்து கால் வீங்கியவன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வேலிக்கு வெளியே எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள், வேலிக்கு உள்ளே எல்லோரும் அளத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அழ வேண்டியதில்லை, வளையலைக் கழற்ற வேண்டியதில்லை, பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டியதில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த்தலைவர் கலியமூர்த்தி சனங்களைக் கூட்டிப் பேசி முடிவு சொன்னார். அந்தப் பானையை யாரும் தொடக் கூடாது, அது கொதித்தால் மிச்சக் காற்று உள்ளே வரும், ஊர் இன்னொன்றைத் தாங்காது, உள்ளது உள்ளபடி இருக்கட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெளியே தை போயிற்று, மாசி போயிற்று. பாத்திகளில் கடல் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேறு வெடித்துக் கிடந்தது. அளத்தில் வேலை இல்லையென்று ஆட்கள் வெளியூருக்கு பஸ் ஏறினார்கள். அம்மா இல்லாத வீடுகளில் ஆம்பளைகளும், அண்ணி இல்லாத வீடுகளில் கொழுந்தன்களும் சமைத்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ராசாம்பாளின் மருமகள் சித்ரகலா நிறைமாதமாக உள்ளே வந்தவள். கார்த்திகை பத்துக்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று நர்ஸம்மா நாள் சொல்லியிருந்தார். பங்குனி பிறந்தும் பிள்ளை பிறக்கவில்லை. நர்ஸம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு துடிப்பு இருக்கிறது, அடுத்தது இன்னும் வரவில்லை என்றார். வெளியே வந்துவிடு பெண்ணே, ஒரே மணி நேரத்தில் பெற்றுவிடுவாய் என்று கெஞ்சினார். சித்ரகலா முருங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேலியைத் தாண்டினால் அவளுக்கு சுகுமாரன் செத்துப்போய்விடுவான். இழுத்துக்கொண்டு போகலாமென்று கிட்டே வந்த இரண்டு பேரை ராசாம்பாள் மண்ணை வாரித் தூற்றி விரட்டினாள். பெற்றவள் நானே பொறுத்துக்கொண்டிருக்கிறேன், பேரப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று கேட்டாள்.

அன்றைக்கு மத்தியானம், ராசாம்பாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, சித்ரகலா அடுப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அத்தைகிட்ட சொல்லமாட்டீங்களே."

தையல்நாயகி சொல்லு என்றாள்.

"அன்னைக்கு விறகு பத்தவே இல்ல. காஸுலயே வெச்சிடுறேன் அத்தேன்னேன். தீப்பெட்டியக்கூட எடுத்துட்டேன். கணக்குத் தப்பிடும்டி, அரையுங்குறையுமா ஆளுங்க ஓடிவந்துடுவாங்கன்னு புடுங்கி வெச்சிக்கிட்டாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "காஸுல வெச்சிருந்தா பத்து நிமிசத்துல கொதிச்சிருக்கும் அக்கா. நான் தட்டியிருப்பேன். பதினோரு பேரும் வந்திருப்பாங்க."

சித்ரகலா தையல்நாயகியின் கையை எடுத்துத் தன் வயிற்றின் வலது பக்கம் வைத்தாள்.

"இதைப் பாருங்க. நான் உள்ள வந்தப்ப உதைக்கக் காலைத் தூக்குச்சு. அப்படியே நிக்குது."

உள்ளங்கைக்குக் கீழே சின்னதாக ஒரு குதிகால் இருந்தது. கூழாங்கல் மாதிரி, கெட்டியாக, அசையாமல், நான்கு மாதமாக உதைக்கப்போகிற நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது. தையல்நாயகி கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. வைரக்கண்ணு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியதும், அவன் காட்டாமல் மறைத்த சிரிப்பும், அந்த முதுகும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு அடி எடுத்துவைக்கக் காலைத் தூக்கியபடி அவனையும் இப்படித்தான் எங்கேயோ தண்ணீருக்கடியில் நிறுத்தி வைத்திருக்கிறோமோ என்று நினைத்தாள். அவரு இன்னும் லேட்டாவல என்று நான்கு மாதமாக ஊருக்கும் தனக்கும் சொல்லி வந்த அதே வாய், இப்போது உள்ளுக்குள், அவரு வர மாட்டாரு என்றது. சத்தமில்லாமல்தான் சொன்னது. ஆனால் அவளுக்கு மறுகாற்று மாதிரி அது முதலில் கேட்டுவிட்டது.

குனிந்து, வெளியே இழுபட்டுக் கிடந்த மூன்று விறகையும் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினாள். ஊதுகுழலை எடுத்து ஊதினாள். நான்கு மாதமாகப் புகைந்ததில் விறகு காய்ந்திருந்தது போல, சட்டென்று பிடித்துக்கொண்டது. ராசாம்பாள் திரும்பிப் பார்த்து எழுந்து ஓடி வருவதற்குள், பானையின் அடியில் ஒட்டிக் கிடந்த குமிழிகள் பிய்த்துக்கொண்டு மேலே ஏறின, மூடி ஆடியது, நுரை பொங்கி விளிம்பு தாண்டி நெருப்பில் வழிந்தது. தையல்நாயகி அன்றைக்குக் கீழே போட்ட தட்டை எடுத்தாள். கரண்டியால் தட்டினாள். தெற்கே பார்த்துத் தட்டினாள். கள்ளி வேலிக்கும் வெடித்த பாத்திகளுக்கும் கடலுக்கும் கேட்கிற மாதிரி, கை வலிக்கிற வரைக்கும் தட்டினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்தார்கள். ஒரு நிமிசம், உண்மையாகவே, எல்லோரும் பார்த்தார்கள்.

வந்தது காற்று. ஊரில் வேறெங்கும் ஒரு துணிகூட ஆடாத பங்குனி வெயிலில், அந்த ஒரு வாசலுக்கு மட்டும் நான்கு மாதமாகக் காத்துக் கிடந்த காற்று வந்தது. முருங்கையை வேரோடு எடுத்தது. கூரையை எடுத்தது. வரிசையாக இருந்த செல்போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மணியடித்தபடி பறந்தன. கடலின் ஒரு நாக்கு கள்ளி வேலியைத் தாண்டி வந்து வாசலை நக்கிவிட்டுப் போயிற்று. சனங்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு வடக்கே உருண்டார்கள். தையல்நாயகி அடுப்பையும் பானையையும் சுற்றி உடம்பை வளைத்துக் குப்புறக் கிடந்தாள், சுடுபானை வயிற்றில் பட்டுக் கொப்புளம் கண்டது, விடவில்லை. ஓய்ந்த பிறகு எல்லோரும் முதலில் சேற்றைத்தான் பார்த்தார்கள். கடல் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒரு செருப்பைக்கூட.

சித்ரகலா சேற்றில் உட்கார்ந்து, "கால் இறங்கிடுச்சு அக்கா," என்றாள். பிறகு வலியில் கத்தினாள். கலியமூர்த்தியின் லோடு ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டார்கள். நர்ஸம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ராசாம்பாள் ஆட்டோவில் ஏறவில்லை. முடி அவிழ்ந்து, உடம்பெல்லாம் சேறாக, தையல்நாயகிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம் புள்ளய ரெண்டாந்தடவ அனுப்பிட்டியேடி."

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே தட்டியிருக்கணும் அத்தே. சத்தம் எனக்குத்தான் முதல்ல கேட்டிச்சு. கையில தட்டு இருந்திச்சு. நான் விறகைத்தான் வெளிய இழுத்தேன்."

அடித்துவிடுவாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். ராசாம்பாள் அடிக்கவில்லை. மற்ற யாருக்கும் கேட்காத மாதிரி, "நான் காஸைப் பத்தவைக்கவுடல," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, ஆட்டோ போன தடத்திலேயே நடந்து போனாள்.

மற்றவர்கள் தையல்நாயகியின் பக்கம் பார்க்காமல், பறந்துபோன செருப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சிலர், அவரவர் வீட்டைப் பார்க்கப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் வீட்டிலிருந்து அழுகை கிளம்பிற்று, பிறகு அடுத்த வீட்டிலிருந்து, பிறகு எல்லா வீட்டிலிருந்தும். கார்த்திகையில் அழ வேண்டிய அழுகை, நான்கு மாதம் உள்ளேயே கட்டிக் கிடந்து புளித்த அழுகை. வண்ணாரத் தெரு முனையில் யாரோ சங்கு ஊதினார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பத்து தடவை ஊதி நிறுத்தினார்கள். பதினோராவதாக ஊதுவார்களா என்று அவள் காத்திருந்து பார்த்தாள். ஊதவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில், வேலிக்கு வெளியே நின்றபடியே யாரோ ஒருவர், பொம்பளப் புள்ள, உசுரோட இருக்கு, தாய்க்காரி யாருக்கும் தன் மொகத்தைக் காட்டமாட்டேங்கிறா என்று, அவளுக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல் காற்றுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். லேசாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாதாரணக் காற்று. அவள் கூந்தல் முகத்தில் விழுந்தது, நான்கு மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

கங்கு அணையாத அடுப்பில் இருந்த பானையை எட்டிப் பார்த்தாள். கரண்டியில் நாலு பருக்கை எடுத்து, ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள். வெந்திருந்தது, கொஞ்சம் குழைந்துமிருந்தது. இரண்டு பேருக்கான சோறு. சேற்றிலிருந்து ஒரு சட்டியைத் தேடி எடுத்து முந்தானையால் துடைத்துக் கீழே வைத்தாள். பானை வாயில் மூடியைப் போட்டு, துணியால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, ஆவி கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள்.